ராஜபாளையம் பஸ்ஸை மறித்த மத்தியானம்

போன வருடம் முழுப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால், சங்கரன்கோவிலில் என் மகள் படிக்கும் பெண்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை. மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகள் வர வேண்டாம், அப்பா அம்மா மட்டும் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அவளுடைய அப்பா மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். அதனால் எந்தக் கூட்டமானாலும் நான்தான் போக வேண்டும். வீட்டு முன்னறையிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். அன்று ஒரு கல்யாண வீட்டுத் துணி பாதியில் கிடந்தது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

கூட்டத்தில் தலைமை ஆசிரியை முதலில் வருகைப் பதிவைப் பற்றிப் பேசினார். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, கல்யாணம், கோயில் கொடை என்று பிள்ளைகளுக்கு லீவு எடுக்காதீர்கள், அடிக்கடி லீவு எடுக்கிற பிள்ளை ஏன் எடுக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள் என்றார். பிறகு சுவரில் படம் காட்டி, போன், இன்டர்நெட், முன்பின் தெரியாதவர்கள், போட்டோ என்று விளக்கினார்கள். பங்குனி வெயிலுக்கு அந்த ஹால் அடுப்பு மாதிரி இருந்தது. பாதிப் பேர் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால், அதெல்லாம் வேறு யாருக்கோ சொல்கிறார்கள் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்குத் தனியாகப் போன் கிடையாது. என் போனில்தான் வகுப்பு குரூப்பைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதுவாள். காலையில் நான் துணி வெட்டும்போது கொஞ்ச நேரம் அவள் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் போன் என் மடியில் அதிர ஆரம்பித்தது. தெரியாத நம்பர். துணி கொடுத்தவர்கள் யாராவது இருக்கும் என்று கட் செய்தேன். மறுபடி அதே நம்பர். தலையைக் குனிந்துகொண்டு, "ஹலோ, யாரு?" என்றேன். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது. நான் எடுத்ததும் மறுபடியும் கட். என் குரலைக் கேட்டு வைக்கிறார்கள் என்றால், வேறு யார் குரலை எதிர்பார்க்கிறார்கள்?

கூட்டம் முடிந்து வகுப்பு ஆசிரியை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். சின்ன வயதுக்காரர்தான், ஆனால் கண்டிப்பானவர். என்னைப் பார்த்ததும், "இப்ப பாப்பாவுக்கு வயித்துவலி எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாரத்துல பாதி நாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நீங்கதானேம்மா மெசேஜ் போடுதீங்க? நானும் போன் பண்ணிப் பாத்தேன். நீங்க எடுக்கல, மெசேஜ்லதான் பதில் வந்துச்சு. பரீட்சை வருதுல்லா, அதான் கேக்கேன்."

நான் ஒரு மெசேஜும் போட்டதில்லை. மகள் ஒருநாளும் மத்தியானம் வீட்டுக்கு வந்ததில்லை. வழக்கம்போலச் சாயங்காலம்தான் வருவாள், பையை வைப்பாள், காபி குடிப்பாள். ஆனால் வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் தெருக்காரி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். என் வாய் தன்னால், "ஆமா டீச்சர், டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டது.

ஆசிரியை என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். பிறகு இன்னொன்று கேட்டார். என் மகளோடு எப்போதும் சேர்ந்து உட்காரும் பெண் ஒருத்தி, அரையாண்டுக்குப் பிறகு சரியாகவே பள்ளிக்கு வருவதில்லை. அம்மா இல்லாத பிள்ளை, அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். எப்போது போன் போட்டாலும் அவர் எடுப்பதில்லை. உங்கள் மகளுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். எனக்கு இருந்த நிலையில் அது காதில் சரியாக விழவே இல்லை. தெரியாது டீச்சர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் பெரிய தூரம் இல்லை. ஆனால் அன்று அந்தத் தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. மத்தியானம் முழுவதும் எங்கே போகிறாள்? யாரோடு போகிறாள்? போனில் பேசாமல் வைப்பது யார்? எல்லாவற்றுக்கும் என் மனம் ஒரே பதிலைத்தான் சொன்னது. ஒரு பையன். அவள் அப்பாவிடம் என்ன சொல்வேன், எங்கள் அண்ணன்கள் என்ன சொல்வார்கள், தெரு என்ன சொல்லும் என்று யோசித்தேனே தவிர, அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். மகள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, மத்தியானம் மத்தியானம் எங்க போறே?"

அவள் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. முகம் வெளுத்துவிட்டது. நான் அடித்தேன். அவள் சிறு பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அடித்ததே இல்லை. அன்று அடித்தேன். அவள் அழவும் இல்லை. அந்த நேரம் பார்த்து என் கையில் இருந்த போன் மறுபடி அடித்தது. அதே நம்பர்.

அவள் எச்சில் கையோடு எழுந்து ஓடி வந்தாள். "எம்மா, எடும்மா. இல்லன்னா என்கிட்ட குடு. ஒரு நிமிஷம் பேசிக்கிடுதேன்."

எனக்கு இன்னும் வெறி ஏறியது. போனை எட்டாத உயரத்தில், பீரோவின் மேல் வைத்துவிட்டு வழியை மறித்து நின்றேன். "யாருட்டி அவன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மேலே போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் இல்லம்மா, அவ, அவ" என்று என்னவோ சொன்னாள். என் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

பிறகு போன் நின்றுவிட்டது. மறுபடி அடிக்கவில்லை.

மகள் சுவரோரமாக அப்படியே கீழே உட்கார்ந்தாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "இனிமே அடிக்க மாட்டாம்மா. கெளம்பிருப்பா."

அவள் சொன்ன விதம்தான் என்னை நிறுத்தியது. அது மாட்டிக்கொண்ட பிள்ளையின் குரலாக இல்லை. யாரையோ காப்பாற்ற முடியாமல் போன பெரிய மனுஷியின் குரல் மாதிரி இருந்தது. நானும் தரையில் உட்கார்ந்தேன். "யாரு மக்கா? எங்க கெளம்பிருப்பா?" என்று கேட்டேன்.

திக்கித் திக்கிச் சொன்னாள். ஆசிரியை கேட்டாரே, அந்தத் தோழிதான். அந்தப் பெண் நன்றாக மருதாணி டிசைன் வரைவாள். அப்பாவுடைய பழைய போனில் அதையெல்லாம் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறாள். ஒரு பெண் பேரில் வந்த ஒருவர் பாராட்டிப் பழகி, உன் முகத்தைக் காட்டு என்று போட்டோ வாங்கியிருக்கிறார். அதற்கப்புறம் தெரிந்தது, அது பெண்ணே இல்லை. அவள் முகத்தை வேறு ஏதோ அசிங்கமான படத்தோடு ஒட்டி அவளுக்கே அனுப்பி, நான் சொன்னபடி கேட்காவிட்டால் உன் அப்பாவுக்கு அனுப்புவேன், ஸ்கூல் குரூப்புக்கு அனுப்புவேன் என்று மிரட்ட ஆரம்பித்திருக்கிறான். ராஜபாளையத்துக்கு வா, உன் கண் முன்னாலேயே அழித்துக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அந்தப் பெண் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தறிக்கு அப்பா காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். பகலெல்லாம் வீட்டில் அவளும் அந்தப் போனும் மட்டும்.

"மத்தியானம்தான் அவன் போன் பண்ணுவாம்மா. நான் பக்கத்துல இருந்தா அவ போமாட்டா. அதுக்குத்தான் வயித்துவலின்னு உன் போன்ல டீச்சருக்கு மெசேஜ் போட்டு அழிச்சிட்டுப் போவேன். இன்னைக்குத்தான் கடைசி, இன்னைக்கு வரலன்னா அனுப்பிருவேன்னு சொல்லிட்டானாம். காலையில நீ குளிக்கும்போது பேசுனா. கூட்டம் முடிஞ்சு அம்மா வந்ததும் எதாவது சொல்லிட்டு வாரேன், அதுவரைக்கும் போகாதன்னு சொல்லிருந்தேன்."

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி இத்தனை நாளாகத் தனியாகக் காவல் இருந்திருக்கிறாள். நான் அதைப் பையன் விவகாரம் என்று நினைத்து அடித்திருக்கிறேன். அதற்கு வருத்தப்படக்கூட அப்போது நேரம் இல்லை. பீரோ மேலிருந்த போனை எடுத்து அந்த நம்பருக்கு அடித்தேன். முழுக்க அடித்து நின்றது. எடுக்கவில்லை.

மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். "இப்பத்தான் பையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா. இன்னைக்கு ஸ்கூலு உண்டோ?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பினேன்.

பஸ் ஸ்டாண்டில் சனிக்கிழமைக் கூட்டம். ராஜபாளையம் பஸ் நிற்கும் இடம் காலியாக இருந்தது. கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். இப்போதுதான் கிளம்பிப் போனது, அடுத்த வண்டி வரும், நில்லுங்கள் என்றாள்.

என் வாழ்க்கையில் நான் ஸ்கூட்டியை வேகமாக ஓட்டியது அன்று மட்டும்தான். ஊர் எல்லை தாண்டியதும் எதிர்க்காற்று. இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். மகள் என் தோள்பட்டையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "போயிரும்மா, போயிரும்மா" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். தூரத்தில் பஸ் தெரியும். ஒரு திருப்பத்தில் மறைந்துவிடும். எதிரே லாரி வந்தால் ஒதுங்க வேண்டும், மறுபடி பின்தங்க வேண்டும். பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போனதுதான் எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். இது அவள் போகும் பஸ்தானா என்றுகூடத் தெரியாது. ஒருவேளை வேறு வண்டியில் ஏறியிருந்தால்? பாதி வழியில் இறங்கி அவன் வண்டியில் ஏறியிருந்தால்? அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் வண்டியை இன்னும் முறுக்கினேன். கரிவலம்வந்தநல்லூரில் ஆள் இறக்குவதற்காக பஸ் நின்றபோது, அதைத் தாண்டிப் போய் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"ஏம்மா, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்தினார். நான் படியேறினேன். அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. நடுவில் ஜன்னலோரம் அவள் இருந்தாள். துப்பட்டாவைத் தலையில் போட்டு, பள்ளிக்கூடப் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

என்ன சொல்லி இறக்குவது? உள்ளதைச் சொன்னால் அந்த பஸ் முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இருப்பார்கள். அவள் எதற்குப் பயந்து கிளம்பினாளோ, அதை நானே செய்துவிடுவேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்ததோ தெரியாது.

"வீட்டுச் சாவியத் தூக்கிட்டு வந்துட்டியே மக்கா! உங்க அப்பா வாசல்ல நிக்காரு. எறங்கு."

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "சாவிக்காகவா யம்மா பஸ்ஸ மறிச்சே?" என்றார். பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டில் ஒருவர், சாவியை ஜன்னல் வழியாகப் போடு, நீ ஊருக்குப் போ என்று அவளுக்கு யோசனை வேறு சொன்னார். அவள் சிரிக்கவில்லை, அசையவும் இல்லை. "நான் போணும் அத்தை" என்று உதடு மட்டும் அசைந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். என் மகள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அந்தப் பெண்ணின் கை கம்பியிலிருந்து மெதுவாகக் கழன்றது.

பஸ் போன பிறகு ரோட்டோரப் புளியமரத்தடியில் மூன்று பேரும் நின்றோம். அந்தப் பெண்ணின் பைக்குள் போன் அடித்தது. நான் எடுத்துக் காதில் வைத்தேன். பேசவில்லை.

"ஏறிட்டியாம்மா? பயப்படாம வா. நான் இங்கனதான் நிக்கேன்."

அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. ஏதோ ரவுடியின் குரலை எதிர்பார்த்திருந்தேன். இது சாந்தமான குரல். என் கணவர் வயது இருக்கும். எங்கள் வீட்டு வாசலில் வந்து முகவரி கேட்டால், உட்காருங்கள் அண்ணாச்சி என்று தண்ணீர் கொடுத்திருப்பேன். அவனைக் கிழித்துவிட வேண்டும் போல நாக்கு துடித்தது. ஆனால் பயம்தான் முந்தியது. நான் பேசி, அவன் கோபத்தில் அந்தப் படத்தை எங்காவது அனுப்பிவிட்டால்? வைத்துவிட்டேன்.

யாரிடம் கேட்பது? கணவர் கடல் தாண்டி இருக்கிறார். அண்ணன்களிடம் சொன்னால் அரிவாளைத் தேடுவார்கள். கடைசியில், காலையில் யாரிடம் பொய் சொன்னேனோ அந்த ஆசிரியைக்குத்தான் போன் செய்தேன். வயிற்றுவலி பொய் என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. நான் முடித்ததும் முதலில் கேட்டது, "பிள்ளை இப்ப உங்க கையில இருக்கா?" என்பதுதான். இருக்கிறாள் என்றேன்.

"அப்ப நல்லது. போன்ல இருக்கிற எதையும் அழிக்காதீங்க, பாக்கவும் வேண்டாம். அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க. மெதுவா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் போலீஸுக்குச் சொல்லிட்டு நேரா அங்க வாரேன். அவங்க அப்பாவ மட்டும் எப்படியாவது கூப்பிட்டுருங்க."

அப்பா என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெண் ஓட்டம் எடுக்கப் பார்த்தாள். வேண்டாம் அத்தை, அவருக்குத் தெரிந்தால் செத்தே போவார் என்று காலைப் பிடித்தாள். அவனைவிட அவளுக்கு அதிகப் பயம் அதுதான். இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். அவள் எனக்கும் என் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் நெஞ்சு அடிப்பது ஊர் வந்து சேரும்வரை என் முதுகில் தெரிந்தது.

பிள்ளைகளை வீட்டில் ஆசிரியையிடம் விட்டுவிட்டு நான் தறிக்கூடத்துக்குப் போனேன். தெருவில் நடக்கும்போது கேட்டுப் பழகிய சத்தம்தான். ஆனால் உள்ளே போய் நின்றால் வேறு. நம் குரலே நமக்குக் கேட்காது. அங்கே எல்லோரும் சைகையில்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணின் அப்பா உள்ளே கடைசியில் நின்றார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. சாப்பாட்டுப் பை சுவரில் தொங்கியது. அவருடைய போன் அதற்குள் கிடந்திருக்கிறது. ஆசிரியை எத்தனை முறை கூப்பிட்டிருந்தாலும் அவர் எப்படி எடுத்திருப்பார்?

பக்கத்தில் போய், "உங்க மக விஷயமா வந்திருக்கேன்" என்றேன். அவர் காதில் கை வைத்துக் காட்டினார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னால் பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் கேட்கும். கத்தினால்தான் கேட்கும் இடத்தில், கத்தக் கூடாத விஷயத்தை வைத்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஒன்றும் கேட்காமல் தன் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் கேட்டார்.

"இருக்காளா?"

"இருக்கா அண்ணாச்சி. எங்க வீட்டுலதான் இருக்கா. ஒண்ணும் ஆகல."

அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, மண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். முடித்ததும் அவர் எழுந்து குழாயடியில் முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் பெரிய பயத்தைக் கொடுத்தது. இவரைக் கூட்டிக்கொண்டு போகிறேனே, அந்தப் பிள்ளையை என்ன செய்வாரோ, அடித்தால் தடுக்க முடியுமா, இனிமேல் படிப்பு வேண்டாம் என்று வீட்டில் போட்டுப் பூட்டிவிடுவாரோ என்று ஒவ்வொன்றாக மனத்தில் ஓடியது. சற்று முன்னால் நானே அதைத்தானே செய்தேன்.

எங்கள் வீட்டுக்குள் அவர் வந்ததும் அந்தப் பெண் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டாள். ஆசிரியை எழுந்து அவருக்கு முன்னால் வந்து நின்றார். அவர் ஆசிரியையைத் தாண்டிப் போகவில்லை. நின்ற இடத்திலேயே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"எனக்கு அனுப்பிருவேன்னுதானே மக்கா பயங்காட்டுனான்? அனுப்பட்டும். நான் தொறந்து பாக்க மாட்டேன். நீ என்ன சொல்லுதியோ, அதத்தான் கேப்பேன்."

சொல்லிவிட்டுப் போனை அவள் காலடியில் தரையில் வைத்தார். அவள் அங்கேயே நின்று அழுதாள். அவர் கிட்டேபோய்த் தலையில் கை வைத்தார். ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன்.

அன்றைக்கே ஆசிரியையும் நாங்களும் போய்ப் புகார் கொடுத்தோம். ஒரு பெண் போலீஸ் அதிகாரிதான் கேட்டார். அந்தப் பிள்ளையிடம், நீ தப்பு செய்யவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். ராஜபாளையத்தில் போய்த் தேடினார்கள். அன்று அவன் சிக்கவில்லை. சாயங்காலம் நாங்கள் ஸ்டேஷனில் இருக்கும்போதே அவள் அப்பா போனுக்கு ஏதோ வந்து சேர்ந்தது. சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் உறைந்துபோனோம். அவர் அதைத் திறக்கவில்லை. அப்படியே அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு, "பாஸ்வேர்டு கெடையாது, எடுத்துக்கிடுங்க" என்றார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. வகுப்பு குரூப்பில் எந்த மெசேஜ் வந்தாலும் தையலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். அந்தப் பெண், தன் அப்பா வேலைக்குப் போனதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டு பேரும் தையல் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பார்கள். யாராவது வாசலில் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்வார்கள். பள்ளியில் பேசி, நடந்தது வெளியே தெரியாமல், அவளைப் பரீட்சை எழுத வைத்தார்கள். பரீட்சை நடக்கும்போதே அவன் பிடிபட்ட செய்தி வந்தது. வேறு மாவட்டத்துக்காரன். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் இருக்கிற மனிதன். அவனுடைய போனில் இவளைப் போல இன்னும் பல பிள்ளைகளின் முகங்கள் இருந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் யாரையாவது யாராவது பஸ்ஸிலிருந்து இறக்கினார்களா என்று நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்காது.

என் கணவரிடமும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு மகளிடம் கொடுக்கச் சொன்னார். என்ன பேசிக்கொண்டார்களோ, அவள் முடிவில் சிரித்தாள்.

இப்போது இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு. ஒரு நாளும் லீவு எடுக்காமல் சேர்ந்து போய் சேர்ந்து வருகிறார்கள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகளிடம் கேட்டேன். அத்தனை நாளும் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. அவள் யோசிக்கவே இல்லை.

"சொன்னா நீ போனப் பிடுங்கிருப்ப. அவகூடச் சேராதன்னு சொல்லிருப்ப. அப்புறம் அவ பக்கத்துல யாரும்மா இருப்பா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் சொன்னது சரிதான். அப்படித்தான் செய்திருப்பேன்.

இப்போதும் அவள், "எம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. ஆனாலும் செய்கிற வேலையை வைத்துவிட்டு அவள் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் கேட்கிறேன், ஏனென்றால் அந்தப் பயம் எத்தனை காலம் வேண்டுமானாலும் எனக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், என்னிடம் வந்து சொல்வதற்கு மட்டும் அவளுக்கு அது வந்துவிடக் கூடாது.